முகமும் அறிமுகமும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்று ஒளிப்படம் எடுக்கின்றனர். சென்ற ஊரின் மலையையும் கடலையும் எடுப்பது போலவே அவ்வூர் மக்களின் முகங்களையும் எடுக்கின்றனர். மலைக்கு மானம் இல்லை, மனிதர்க்கு உண்டு. முன்பின் அறியாத ஒருவரைப் படமெடுக்கும் உரிமை எவ்வாறு கிடைக்கிறது? எடுத்த படம் யாருக்கு உரியது? வடசென்னையின் மணலி புதுநகரை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

சொல்லில் உள்ள முகம்

தமிழில் முகம் என்னும் சொல் உடலின் ஓர் உறுப்பை மட்டும் குறிப்பதன்று. ‘முகங்கொடுத்துப் பேசினார்’ என்றால் மதித்துப் பேசினார் என்பது பொருள். ‘முகத்தைத் திருப்பிக்கொண்டார்’ என்றால் உறவில் விரிசல் விழுந்தது என்பது பொருள். ஒருவர் எதிரே நின்றும் அவரைப் பொருட்படுத்தாதிருத்தல் பாராமுகம். ஒருவரை முதன்முதலாகத் தெரிந்துகொள்ளுதல் அறிமுகம்.

பயணத்தில் எடுக்கப்படும் மனிதர் படங்களை இவ்விரு சொற்களைக் கொண்டே வகைப்படுத்திவிடலாம். சில படங்கள் அறிமுகத்தில் பிறந்தவை. வேறு சில, முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் துல்லியமாகக் காட்டினாலும், பாராமுகத்தில் பிறந்தவை. இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை ஒளிப்படக் கலையின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

பெயர் இல்லாத முகங்கள்

1839ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஒளிப்படக்கலை, சில ஆண்டுகளுக்குள் இந்தியாவை வந்தடைந்தது. சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளியில் இக்கலையும் கற்பிக்கப்பட்டது. 1856இல் சென்னை ஒளிப்படச் சங்கம் தோன்றியது. அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் வேதிக்கரைசலைப் பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். எனவே பயணம் செல்லும் ஒளிப்படக்காரர் கருவியோடு இருட்டுக் கூடாரத்தையும் கண்ணாடித் தகடுகளையும் மருந்துப் புட்டிகளையும் சுமையாட்களைக் கொண்டு எடுத்துச் சென்றார். படத்திற்கு அமர்பவர் பல நொடிகள் அசையாதிருக்க வேண்டும். அக்காலப் படங்களில் சிரித்த முகத்தை அரிதாகவே காண முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1868 முதல் 1875 வரை ‘இந்திய மக்கள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் எட்டுத் தொகுதிகள் இலண்டனில் வெளியிடப்பட்டன. ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன், ஜான் வில்லியம் கே ஆகிய இருவர் பதிப்பித்த இத்தொகுதிகளில் நானூற்றுக்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள் உள்ளன. படத்தில் இருப்பவரின் சாதி, குலம், தொழில் ஆகியன படத்தின்கீழ் குறிக்கப்பட்டன. மிகப் பலருடைய பெயர் குறிக்கப்படவில்லை. ஆளும் அரசுக்கு அவர் ஒரு மாதிரியே அன்றி ஒரு மனிதர் அல்லர். செடியைப் பறித்துத் தாளில் ஒட்டி வகைப்பெயர் எழுதுவது போல மனித முகங்களும் சேகரிக்கப்பட்டன.

இதனினும் கொடியது பஞ்சகாலப் படங்களின் வரலாறு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. சென்னைப் படையில் பணியாற்றிய வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்னும் ஆங்கில அதிகாரி, எலும்பும் தோலுமாய் இருந்த மக்களை வரிசையாக அமரவைத்துப் படமெடுத்தார். பஞ்சத்தின் கொடுமையை உலகுக்குச் சொல்லும் சான்றுகளாக அப்படங்கள் இன்றும் விளங்குகின்றன. ஆயினும் அவர்களுள் ஒருவரின் பெயரையேனும் அப்படங்களைக் கொண்டு அறிய இயலாது. நிற்கவும் வலுவில்லாதவர்களிடம் படத்திற்கு இசைவு கேட்கப்பட்டிருக்கும் என்று எண்ணவும் இடமில்லை. இதே அதிகாரி 1886இல் பர்மாவின் மண்டலேயில், சுட்டுக்கொல்லப்படும் கைதிகளைத் துப்பாக்கி வெடிக்கும் கணத்தில் படமெடுக்க முனைந்தார். அதனால் கண்டனம் எழுந்து அவர் விசாரணைக்கு உட்பட நேர்ந்தது.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவில் 1936இல் டொரொத்தியா லாங்கே எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ என்னும் படம் உலகப் புகழ்பெற்றது. படமெடுத்தபோது அத்தாயின் பெயரை அவர் கேட்கவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்னும் அப்பெயர் 1978இல்தான் வெளியுலகிற்குத் தெரிந்தது. அப்படத்தால் தமக்குப் பயன் எதுவும் கிட்டவில்லை என்று அவர் மனம் நொந்து கூறினார். 1984இல் பாகிஸ்தானின் அகதி முகாம் ஒன்றில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைநிறக் கண்களையுடைய ஆப்கானியச் சிறுமியின் படம் மறு ஆண்டு நேஷனல் ஜியாகரஃபிக் இதழின் அட்டையில் வெளிவந்தது. ஷர்பத் குலா என்னும் அவர் பெயர் தெரிய 2002 வரை ஆயிற்று. அதுவரை முகத்தை உலகம் அறிந்திருந்தது, அதற்குரியவரை அறியவில்லை.

மணலி புதுநகரில் ஒரு பயணி

திருவொற்றியூரிலிருந்து பொன்னேரி செல்லும் சாலையில், கொசஸ்தலையாற்றை நெருங்கும் இடத்தில் அமைந்துள்ளது மணலி புதுநகர். சென்னை மாநகராட்சியின் மணலி மண்டலத்தைச் சேர்ந்தது. அருகிலுள்ள மணலித் தொழிற்பகுதியில் 1969ஆம் ஆண்டு முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கிவருகிறது. உர ஆலையும் வேதிப்பொருள் ஆலைகளும் அதனைச் சூழ்ந்துள்ளன. கிழக்கே எண்ணூர், அதற்கு வடக்கே காமராசர் துறைமுகமும் வடசென்னை அனல்மின் நிலையமும் உள்ளன. சரக்குப் பெட்டகங்களைச் சுமந்த பெருவண்டிகள் இரவும் பகலும் இச்சாலையில் செல்கின்றன.

ஒளிப்படக் கருவியோடு இங்கு வரும் பயணியின் கண்ணில் முதலில் படுபவை புகைபோக்கிகளும் குழாய்களும் தூசியுமே. அவற்றின் முன்னே நிற்கும் மனிதரும் அவருக்குப் புகையின் ஒரு பகுதியாகவே தோன்றுகிறார். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது மணலி புதுநகர் நீரில் மிதந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பெய்வித்த மழை வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. படகுகளிலும் வலைகளிலும் கரிய எண்ணெய் படிந்தது. மீனவர்கள் வாளிகளைக் கொண்டு அதனை அள்ளினர். அவர்களுடைய கறைபடிந்த கைகளும் முகங்களும் நாடெங்கும் செய்திகளில் இடம்பெற்றன.

அப்படங்கள் வேண்டாதவை என்று எவரும் சொல்லிவிட முடியாது. படம் இல்லாவிடில் துயரம் ஊரைத் தாண்டியிராது. ஆனால் துயரம் நேரும்போது மட்டுமே படமெடுக்க வருவார்களாயின், அவ்வூர் மக்களுக்குத் துயரத்தைத் தவிர வேறு முகமே இல்லை என்று உலகம் நம்பிவிடும். அந்நம்பிக்கை அம்மக்களின் பிள்ளைகளையும் தொடரும். பள்ளியிலும் வேலை தேடிச் செல்லும் இடத்திலும் ஊர்ப்பெயரைச் சொன்னவுடன் எதிரே இருப்பவர் மனத்தில் எழும் படம் எது என்பது அவர்களது வாழ்வைத் தொடும் செய்தியாகும்.

இதே மணலி புதுநகருக்கு மற்றொரு முகமும் உண்டு. இங்குள்ள அய்யா வைகுண்ட தர்மபதியில் புரட்டாசித் திருவிழா நடைபெறுகிறது. தென்மாவட்டங்களிலிருந்து வந்து சென்னையில் குடியேறிய குடும்பங்கள் பெருந்திரளாக அதில் கூடுகின்றன. ஒடுக்கப்பட்ட மக்கள் தலைப்பாகை அணியவும் தடை இருந்த காலத்தில், தலைப்பாகை கட்டியே வழிபட வேண்டும் என்று முறை வகுத்தவர் வைகுண்டர். அய்யாவழிப் பதிகளின் கருவறையில் கண்ணாடி வைப்பது மரபு. வழிபட வருபவர் தலைப்பாகையோடு நிற்கும் தம் உருவத்தையே அதில் காண்கிறார். தம் முகத்தைத் தாமே மதித்துப் பார்க்கும் உரிமையை மக்களுக்கு வழங்கிய கண்ணாடி அது. ஒரு முகத்தைப் படமெடுக்க நினைப்பவர், அந்த முகத்திற்குரியவர் தம்மை எவ்வாறு காண விரும்புகிறார் என்று முதலில் எண்ணிப்பார்க்க வேண்டும் என்பதை இம்மரபிலிருந்தும் உணரலாம்.

அறிமுகத்தில் பிறந்த படங்கள்

இவ்வகையில் குறிப்பிடத்தக்கவர் ஒளிப்படக் கலைஞர் மு. பழனி குமார். மதுரைப் பகுதியைச் சேர்ந்தவர். மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்த தாயின் மகன். மனிதக் கழிவை மனிதரே அகற்றும் அவலத்தைக் காட்டிய ‘கக்கூஸ்’ என்னும் ஆவணப்படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவர். பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய பாரி என்னும் ஊரக இந்திய மக்களின் ஆவணக் களஞ்சியத்தில் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றுபவர். 2022இல் தயாநிதா சிங் – பாரி ஆவண ஒளிப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவரும் இவரே.

தூய்மைப் பணியாளர்கள், கடற்பாசி எடுக்கும் பெண்கள், வடசென்னையின் நீர்நிலைகளில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் இருளர்கள் ஆகியோரை இவர் படமெடுத்துள்ளார். இருளர் பெண்கள் ‘பறி’ எனப்படும் ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பர். கரையில் நிற்கும் பயணி தூரத்திலிருந்தே அக்காட்சியைப் படமெடுத்துச் சென்றுவிட முடியும். ஆனால் அப்பெண் எத்தனை மணிக்கு நீரில் இறங்குகிறார், நீருக்குள் கிடக்கும் எது அவர் கையைக் கிழிக்கிறது, பிடித்த இறால் என்ன விலைக்குப் போகிறது என்பனவற்றைப் பேசிப் பழகியவரே அறிவார். அறிந்தபின் எடுக்கும் படத்தில் அவர் பார்வைப்பொருளாக நில்லாமல், தொழில் தெரிந்த ஒருவராக விளங்குவார். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் பழனி குமார் ஒளிப்படக்கலையையும் கற்பித்துவருகிறார். தம் தெருவைத் தாமே படமெடுக்கும் பிள்ளைகள், வெளியிலிருந்து வருபவர் காணாத காட்சிகளைக் காண்கின்றனர்.

பாரி களஞ்சியத்தின் மற்றொரு முயற்சி ‘முகங்கள்’ என்னும் தொகுப்பு. இந்தியாவின் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் மக்களின் முகப்படங்களைத் திரட்டுவது இதன் நோக்கம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வெளியான எட்டுத் தொகுதிகளும் இந்திய முகங்களையே திரட்டின. அங்கே முகத்தின்கீழ் குலம் முதன்மை பெற்றது. இங்கே பெயரும் தொழிலும் ஊரும் இடம்பெறுகின்றன. ஒரு வரிக் குறிப்பில் ஏற்பட்ட இம்மாற்றம், பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் இடையிலான உறவே மாறியதைக் காட்டுகிறது.

ஒளியும் தொலைவும்

மதிப்போடு எடுக்கும் படம் தெளிவாகவும் அமைய வேண்டும். அதற்குத் தேவையானவை மூன்று: ஒளி, தொலைவு, உயரம்.

நண்பகல் வெயிலில் கண்குழிகளிலும் மூக்கின் கீழும் கரிய நிழல் விழும். அவ்வேளையில் ஒருவரை வாசற்படிக்கு உட்புறமோ மரத்தடியிலோ நிற்கச் செய்தால், பக்கவாட்டில் வரும் மென்மையான ஒளி முகத்தின் இயல்பைக் காட்டும். காலை, மாலை வெயிலும் ஏற்றது. கைபேசியை முகத்திற்கு மிக அருகில் கொண்டுசென்றால் மூக்கு பெரிதாகியும் காதுகள் சுருங்கியும் தோன்றும். இரண்டடி பின்னே நகர்ந்து நிற்பதே முறை. தரையில் அமர்ந்து மீன் விற்கும் பெண்ணை நின்றுகொண்டு எடுத்தால், பார்ப்போரும் அவரைக் குனிந்தே பார்ப்பர். எடுப்பவர் தாமும் அமர்ந்து, தம் கண்ணும் அவர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு எடுத்தல் வேண்டும்.

தோலின் நிறம் குறித்தும் ஓர் எச்சரிக்கை தேவை. கருவி தானாக ஒளியை அளக்கும்போது காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறத்திற்குக் கொண்டுவர முயலும். வெளிறிய வானத்தை ஒட்டி நிற்கும் கரிய முகம் அதனால் மேலும் இருண்டுவிடும். கைபேசித் திரையில் முகத்தைத் தொட்டு ஒளியைச் சற்றுக் கூட்டினால் இக்குறை நீங்கும். அதற்கு மாறாக, ‘அழகூட்டும்’ செயலிகளைக் கொண்டு முகத்தை வெளுக்கச் செய்வது திருத்தம் ஆகாது. கடற்காற்றிலும் உலைவெப்பத்திலும் உழைத்த முகத்தின் நிறத்தை மாற்றுவது, அது உள்ளபடி இருத்தல் குறை என்று அவரிடம் சொல்வதற்கு ஒப்பாகும்.

தெரிந்து தெளிவோம்

வண்ணப்படச் சுருள்கள் வழங்கிய காலத்தில், அச்சிடும் நிலையங்கள் நிறத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டையைப் பயன்படுத்தின. ‘ஷெர்லி அட்டை’ எனப்பட்ட அதில் வெள்ளைத்தோல் கொண்ட பெண்ணின் படமே நெடுங்காலம் இடம்பெற்றது. அதனால் கரிய முகங்களின் நுண்மை படத்தில் பதியாமல் போனது. கருவியும் மனிதரின் பார்வையைக் கொண்டே உருவாகிறது என்பதற்கு இது சான்று.

இசைவு என்னும் அறம்

படமெடுக்குமுன் கேட்க வேண்டும் என்பது எளிய விதி; அதனைக் கடைப்பிடிப்பதில்தான் நுட்பம் உள்ளது. “அம்மா, உங்களை ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்பவர், “வேண்டாம்” என்னும் விடையையும் ஏற்கும் மனநிலையோடு கேட்க வேண்டும். படம் எதற்காக, எங்கே வெளிவரும் என்பதையும் சொல்ல வேண்டும். தெருவில் எடுத்த படம் சமூக ஊடகத்தில் ஏறினால் அதனை யார் யார் பார்ப்பார்கள் என்பது எடுத்தவருக்கே தெரியாது. எடுக்கப்பட்டவர் எவ்வாறு அறிவார்?

மௌனம் இசைவாகாது. வெள்ளத்தின்போது உணவுப் பொட்டலத்திற்காக வரிசையில் நிற்பவர், படமெடுப்பவரை உதவி வழங்க வந்த அலுவலர் என்று எண்ணி வாய்மூடி நிற்கலாம். மறுக்கும் வலிமை இல்லாதவரிடம் பெறும் இசைவு, பறித்தலுக்கு ஒப்பானது. சிறார்களைப் படமெடுக்கப் பெற்றோரின் இசைவும் வேண்டும். 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தது. தம்மைப் பற்றி வெளியே எது தெரிய வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை சாலையோரத்தில் வாழ்பவருக்கும் உண்டு.

கேட்டுவிட்டு எடுத்தால் படத்தின் இயல்பு கெடும் என்பது பலரும் கூறும் தடை. முதல் படத்தில் ஒருவர் விறைப்பாக நிற்பது உண்மையே. பேச்சைத் தொடர்ந்து பத்து நிமிடம் பொறுத்திருந்தால், அவர் தம் வேலையில் மீண்டும் ஈடுபட்டுவிடுவார், இயல்பும் திரும்பிவிடும். நொடியில் மறையும் காட்சியை முதலில் எடுத்துவிட நேர்ந்தால், உடனே அவரிடம் சென்று படத்தைக் காட்ட வேண்டும். அவர் விரும்பாவிடில் அவர் கண்முன்னே அழித்துவிட வேண்டும். தவிர, சிலர் விறைப்பாக நிற்பதையே விரும்புவர். சட்டைப் பொத்தானைப் போட்டு, தலையை வாரி, நேரே பார்த்து நிற்பது அவர் தமக்குத் தாமே அளிக்கும் மரியாதை. ஸ்டூடியோவிற்குச் சென்று எடுத்துக்கொண்ட பழைய குடும்பப் படங்களில் காணப்படுவதும் அதுவே. அதனைச் செயற்கை என்று ஒதுக்கலாகாது.

திரும்பிச் செல்லும் படம்

இறுதியாக, படம் அதற்குரியவரிடம் திரும்பிச் செல்ல வேண்டும். பெயரையும் முகவரியையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, அச்சிட்ட படம் ஒன்றை அனுப்புவதற்கு ஆகும் செலவு சிறிது. பெற்றுக்கொள்பவருக்கு அது சிறிதன்று. குடும்ப அட்டைக்காகவோ ஆதாருக்காகவோ எடுத்த படத்தைத் தவிர வேறு படம் இல்லாத முதியோர் பலர் உள்ளனர். அவர்கள் மறைந்தபின் மாலையிட்டு வைக்க ஒரு படம் தேடி, அடையாள அட்டையிலுள்ள சிறிய முகத்தையே மங்கலாகப் பெரிதாக்கிக்கொள்ளும் வீடுகளும் உண்டு. வழிப்போக்கர் ஒருவர் கேட்டு எடுத்து அனுப்பிய நல்ல படம், அத்தகைய வீட்டின் சுவரில் மூன்று தலைமுறை நிலைத்திருக்கக் கூடும்.

பஞ்சத்தில் வாடியவர்களின் படங்கள் அருங்காட்சியகங்களில் உள்ளன. அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் இல்லை. தம் பாட்டனார் முகம் அதுவென்று அறியும் வழியும் அவர்களுக்கு இல்லை. ஒரு பெயரை எழுதி வைக்காததன் இழப்பு அவ்வளவு பெரியது. இன்று கருவி எளிதாகிவிட்டது. தகடும் கூடாரமும் வேண்டா. பெயரைக் கேட்பதற்கான நேரம் மட்டுமே வேண்டும். அந்நேரத்தை அளிப்பவரே பயணத்திலிருந்து மனிதர்களின் படங்களோடு திரும்புகிறார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவில் உழைக்கும் ஒருவரிடம் இசைவு பெற்று அவரைப் படமெடுத்து, அவர் பெயர், தொழில், அவர் விரும்பிச் சொன்ன ஒரு செய்தி ஆகியவற்றைப் படத்தின்கீழ் எழுதுக. அச்சிட்ட படியை அவரிடம் அளித்திடுக.
2. நாளிதழில் வெளியான ஐந்து மனிதர் படங்களைத் திரட்டி, பெயருடன் வெளியானவை எவை, பெயரின்றி வெளியானவை எவை எனப் பட்டியலிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. பாராமுகம், அறிமுகம் – பொருள் வேறுபாடு தருக.
2. அய்யாவழிப் பதிகளில் கண்ணாடி வைக்கும் மரபு உணர்த்துவது யாது?

சிறுவினா
1. ‘இந்திய மக்கள்’ தொகுதிகளையும் பாரி களஞ்சியத்தின் ‘முகங்கள்’ தொகுப்பையும் ஒப்பிடுக.
2. மௌனம் இசைவாகாது – பாடப்பகுதி கொண்டு விளக்குக.

நெடுவினா
‘துயரம் நேரும்போது மட்டும் எடுக்கப்படும் படங்கள் ஓர் ஊரின் முகத்தை மாற்றிவிடும்’ – இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ, உங்கள் ஊரைச் சான்றாகக் கொண்டு கட்டுரைக்க.